ஊரே மோந்து பார்த்த தண்ணீர்

ஒரு தாய் தன் மூக்கை எவ்வளவு தூரம் நம்பலாம்? இரண்டு வருடமாக இதை எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருக்கிறேன். விடை கிடைக்கவில்லை. கண்ணால் பார்த்தால் எல்லாத் தண்ணீரும் தண்ணீராகத்தான் தெரிகிறது. நாக்கில் வைத்துப் பார்க்கப் பயம். மிஞ்சுவது மூக்கு. அதுவும் ஒரு நாள் என்னைக் கைவிட்டது. அன்றைக்கு அயலில் இருந்த மூக்குகளையெல்லாம் நான் கடன் வாங்க வேண்டியதாயிற்று.

எங்கள் வீடு கிளிநொச்சிக்குக் கிழக்கே ஒரு குடியேற்றத்தில் இருக்கிறது. கலியாணம் முடித்து யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்தபோது எங்களுக்கு இருந்தவை கொஞ்ச வயல், ஒரு மேட்டுக்காணி, சீமெந்து போட்ட ஒரு அறை, சமைக்கச் சாணி மெழுகிய குசினி, பாதி கட்டி முடித்த ஒரு கிணறு. நான் எஸ். எஸ். சி. வரை படித்தவள். படித்தவளுக்குப் பயம் குறையும் என்று சொல்வார்கள். எனக்கு ஒவ்வொரு புத்தகத்தோடும் ஒரு பயம் கூடியதுதான் மிச்சம். கிருமி என்ற சொல்லைப் படித்த நாளிலிருந்து ஒரு கோப்பையை நான் ஒரு தடவையில் கழுவியதில்லை.

இரண்டு வருடத்துக்கு முந்திய மாரி மழையில் வாய்க்கால் உடைந்து வெள்ளம் வந்தது. மூன்றாம் நாள் வடிந்தபோது கிணற்றுக்குள் தேநீர் நிறத்தில் தண்ணீர் நின்றது. தவளைகள் அதில் சுகமாக நீந்தின. குடிக்கவும் சமைக்கவும் மேட்டுப்பக்கத்துக் காணி அக்காவின் கிணற்றிலிருந்து குடத்தில் சுமந்தோம். போக வரக் கால்மணி நேரம் பிடிக்கும். பள்ளத்தில் இருந்த இரண்டு வீடுகளில் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் கண்டிருந்தது. என் மகளுக்கு அப்போது ஏழு மாதம். அவள் கையில் அகப்பட்டதெல்லாம் வாய்க்குள் போகும். அந்தக் கிழமையில்தான் கீழ் முரசில் முதற் பற்கள் இரண்டு வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தன.

என் கணவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“இஞ்சாரும், வாற வெள்ளி பல்லுக் கொழுக்கட்டை கொட்டுவம். வெள்ளத்துக்குப் பிறகு இந்தப் பக்கத்தில ஒருத்தரும் வாய்விட்டுச் சிரிக்கேல்லை. எல்லாரையும் கூப்பிடுவம்.”

“எல்லாரையும் எண்டால் நாற்பது பேர் வருவினம். தண்ணிக்கு என்ன செய்யிறது?”

“எங்கட வீட்டு விசேஷத்துக்கு எங்கட கிணத்துத் தண்ணிதான்.”

அவர் அதை மகிழ்ச்சியாகச் சொன்னார். நான் வரப்போகிறவர்களை எண்ணிப் பார்த்தேன். நாற்பது பேரில் இருபது பேர் குழந்தைகளாக இருப்பார்கள். கொழுக்கட்டைக்கு மாக் குழைப்பது அந்தத் தண்ணீரில். வந்தவர்களுக்குச் செம்பில் கொடுப்பதும் அதுவே. யாருடைய பிள்ளைக்காவது ஒன்று நடந்தால்? என் பிள்ளைக்கு நடந்தால்?

புதன்கிழமை நாலு பேர் சேர்ந்து கிணற்றை இறைத்துச் சேறு அள்ளினார்கள். பின்னேரம் சுகாதார இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். குடியேற்றத்தில் வெள்ளம் ஏறிய கிணறுகளுக்கெல்லாம் அவர்தான் மருந்து கொடுத்துக்கொண்டு திரிந்தார். மருந்து என்பது பிளீச்சிங் பவுடர். மூடி இறுகிய ஒரு தகரத்தில் வெள்ளைத் தூள். திறந்தால் மூக்கின் நுனியில் ஊசி குத்தியது போல் இருக்கும். கிணற்றின் அகலத்தையும் தண்ணீரின் ஆழத்தையும் கயிற்றால் அளந்து, கணக்குப் பார்த்து, எத்தனை கரண்டி என்று ஒரு காகிதத்தில் எழுதித் தந்தார். வாளியில் கொஞ்சத் தண்ணீர் விட்டுத் தூளைப் பசைபோலக் குழைத்து, பிறகு வாளி நிறையத் தண்ணீர் விட்டுக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் அடையும்வரை வைத்திருக்க வேண்டும். மேலே தெளிந்ததை மட்டும் வேறு வாளியில் வார்த்துக் கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழும் அலைக்க வேண்டும். அடி மண்டியைக் கிணற்றில் கொட்டக்கூடாது.

“அரை மணித்தியாலம் கழிச்சு ஒரு கோப்பையில எடுத்து மோந்து பாருங்கோ,” என்றார். “மெல்லிசா மணக்கவேணும். மணந்தால் மருந்து மிஞ்சி நிக்குது, கிருமியைப் பாத்துக்கொள்ளும். மணக்காட்டி மருந்து காணாது. இன்னொருக்காப் போடுங்கோ.”

“கூடிப்போனால் பிள்ளைக்கு ஒண்டும் செய்யாதோ, ஐயா?”

“கனக்க மணந்தால் ஒரு நாள் பொறுங்கோ. தன்பாட்டில குறையும்.”

மிஞ்சும் தூளை வீடு துடைக்கப் பாவிக்கலாமா என்றும் கேட்டேன். பாவிக்கலாம், ஆனால் முதலில் சவுக்காரம் போட்டு அழுக்கைக் கழுவிவிட்டு, பிறகு தண்ணீர் நிறையக் கலந்து துடைக்க வேண்டும் என்றார். தகரத்தைப் பிள்ளைக்கு எட்டாமல் வைக்கவும், கதவு யன்னலைத் திறந்துவிட்டு வேலை செய்யவும் சொன்னார். இதையெல்லாம் நான் அந்தக் காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். எழுதாத ஒன்றில்தான் பிசகிப்போனேன்.

வியாழன் காலையில் கணவர் வயலுக்குப் போனதும் காகிதத்தில் இருந்தபடி மருந்தைக் கலக்கிக் கிணற்றில் இறக்கினேன். அந்த அரை மணி நேரத்தைச் சும்மா கழிக்க முடியாமல் வீட்டைத் துடைக்கத் தொடங்கினேன். வெள்ளம் சுவரில் விட்டிருந்த கோடு வரை சவுக்காரத்தால் தேய்த்து, மருந்துத் தண்ணீரால் துடைத்தேன். பூஞ்சணம் பிடித்த வெள்ளை வேட்டியை நன்றாகத் தண்ணீர் கலந்த மருந்தில் கொஞ்ச நேரம் நனைத்து, மூன்று தடவை அலசிக் கொடியில் போட்டேன். கரும்புள்ளிகள் போய்விட்டன. சேற்றுக் கறை மட்டும் போகவே இல்லை. குசினி நிலத்திலும் இரண்டு வாளி ஊற்றினேன். சாணி மெழுகிய நிலம் அதைக் குடித்துவிட்டு முன்போலவே கிடந்தது.

பிறகு கொழுக்கட்டை அவிக்கும் பித்தளைப் பானையை எடுத்தேன். நாங்கள் பித்தளையை எப்படி மினுக்குவோம் என்று சொல்லத் தேவையில்லை. பழப்புளியும் சாம்பலும். உள்ளும் புறமும் புளி பூசித் தேய்த்தேன். பானை பொன்னாக மின்னியது. மினுங்கினால் போதுமா, கிருமி போயிருக்குமா என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. புளியைக் கழுவாமலே, கரைத்து மிஞ்சியிருந்த மருந்தை அப்படியே பானைக்குள் ஊற்றினேன்.

பொருபொருவென்று நுரைத்தது. அடுத்த கணம் தொண்டையை யாரோ பிடித்தது போல் இருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. இருமிக்கொண்டே அறைக்குள் ஓடி, ஏணையில் கிடந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் பாய்ந்தேன். மாமரத்தடி வரை போய்த்தான் நின்றேன். பிள்ளைக்கு இருமல் இல்லை. என் முகத்தைப் பார்த்தாள், நான் ஏதோ புது விளையாட்டுக் காட்டுகிறேன் என்று நினைத்து இரண்டு பல்லும் தெரியச் சிரித்தாள்.

அந்த நேரம் மேட்டுப்பக்கத்து அக்கா உரலில் இடித்த மாவோடு படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

“என்ன பிள்ளை, கண்ணெல்லாம் சிவந்து கிடக்கு? மனிசன் ஏதும் சொன்னவரோ?”

“இல்லை அக்கா. பானைக்கு மருந்து ஊத்தினனான்.”

“பானைக்கு என்ன வருத்தம்?”

நடந்ததைச் சொன்னேன். அக்கா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்து, பின்பக்கக் கதவையும் தள்ளித் திறந்துவிட்டு வந்தார்.

“புளியும் உந்த மருந்தும் மாமியும் மருமகளும் மாதிரி. தனித்தனிய நல்லதுகள். ஒரு பானையில வைச்சால் வீடு தாங்காது.”

இருமலோடு எனக்குச் சிரிப்பும் வந்தது. காற்று வீசி வாடை அடங்கும்வரை இருவரும் முற்றத்திலேயே இருந்தோம். பிறகு அக்கா பானையை வெளியே கொண்டுபோய் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக் கவிழ்த்தார். அதன் பிறகுதான் எனக்குக் கிணறு நினைவுக்கு வந்தது. அரை மணி நேரம் எப்போதோ கழிந்திருந்தது. ஒரு கோப்பை எடுத்து மோந்து பார்த்தேன். ஒரு மணமும் இல்லை. கையை மோந்தேன். அதிலும் இல்லை. காலை முழுக்க மருந்தில் நனைந்த கை அது. மணக்காமல் இருக்க முடியாது. என் மூக்குத்தான் செத்துப்போயிருந்தது.

“அக்கா, நீங்கள் ஒருக்கா மோந்து பாருங்கோவன்.”

அக்கா கோப்பையைச் சுற்றிச் சுற்றி மோந்தார். “தண்ணி, தண்ணி மாதிரித்தான் மணக்குது.”

காகிதத்தின்படி இன்னொரு முறை மருந்து கலக்கி இறக்கினேன். இன்னும் அரை மணி நேரம். அக்கா மறுபடி மோந்தார். இல்லை. எனக்கு அழுகை வந்தது. அக்காவின் மூக்கும் அந்தக் குசினிக்குள் போய் வந்த மூக்குத்தானே? வேறொரு மூக்கு வேண்டும் என்றேன். அக்கா வேலிக்கு மேலால் கூப்பிட்டு, அடுத்த காணி அப்புவை வரவழைத்தார். அப்பு கோப்பையை வாங்கி, மிகவும் மரியாதையாகக் கண்ணை மூடிக்கொண்டு மோந்தார்.

“எப்பிடி அப்பு?”

“நல்ல தண்ணி.”

“மருந்து மணக்குதோ?”

“மோனை, நாற்பது வரியமா மூக்குத்தூள் போடுறன். என்ர மூக்குக்கு வேப்பெண்ணெயும் பன்னீரும் ஒண்டுதான். கூப்பிட்டியள், வந்தனான்.”

“அதை முதலே சொல்லியிருக்கலாமே!” என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

“என்னட்டை ஒருத்தரும் இந்தமாதிரி ஒரு அலுவல் தந்ததில்லை. ஏன் விடுவான்?” என்றார் அப்பு. போகவும் இல்லை. கிணற்றுக் கட்டின் மேல் ஏறி இருந்துகொண்டார்.

அப்போதுதான் முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து மாதம் ஒருமுறை புடவை கொண்டுவரும் முஸ்லிம் வியாபாரி நானா, பின்னால் மூட்டை கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒழுங்கையால் வந்தார். நான் வெட்கத்தை விட்டுப் படலைக்கு ஓடினேன்.

“நானா, இந்தத் தண்ணியை ஒருக்கா மோந்து சொல்லுங்கோ.”

“தங்கச்சி, நான் புடவை விக்க வந்தனான். மோப்பம் பிடிக்க வந்தனானோ?” என்று சிரித்தபடியே சைக்கிளை மரத்தில் சாத்தினார். விஷயத்தைக் கேட்டதும் முகம் மாறியது. அவருக்கும் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள். கையைத் துடைத்துக்கொண்டு கோப்பையை வாங்கினார். “சலவை மணம் எண்டால் எனக்குத் தெரியும். புதுச் சலவைத் துணி பிரிச்சால் வாற மணம். அது இதில இல்லை. ஆனால் வேற ஒண்டு இருக்கு.”

“என்ன?” மூன்று பேரும் ஒன்றாகக் கேட்டோம்.

அவர் மறுபடி மோந்தார். “துவர்ப்பா ஒரு வாடை. பச்சை மரம் அரிஞ்ச இடத்தில வருமே, அது. நெல்லி மரம் போல கிடக்கு.”

அக்கா கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். தண்ணீர் நிழலாகக் கிடந்தது. ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கப்பிக் கம்பத்தில் எங்களுடையது அல்லாத ஒரு மெல்லிய கயிறு கட்டியிருந்ததை அப்பு கண்டுபிடித்தார். மூக்கு இல்லாவிட்டாலும் அவருக்குக் கண் நல்ல கண். கயிறு நேராகக் கிணற்றுக்குள் போயிற்று.

சொல்லிவைத்தாற்போல் என் கணவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார். முற்றத்தில் கூட்டத்தைக் கண்டு மண்வெட்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

“என்ன, கிணத்துக்க ஆரும் விழுந்தவையோ?”

“இஞ்சாருங்கோ, இந்தக் கயிறு என்ன கயிறு?”

அவர் முகத்தில் வந்த சிரிப்பைச் சின்னப் பிள்ளைகளிடம்தான் பார்க்கலாம்.

“அது… நேற்றுப் பின்னேரம் காட்டுக்கரையில நெல்லிக் கொப்பு மூண்டு நாலு வெட்டிக் கட்டி இறக்கினனான். எங்கட தண்ணியில கொஞ்சம் உவர் இருக்கெல்லே. நெல்லி போட்டால் இனிக்கும். பிள்ளையின்ர விசேஷத்துக்கு வாறவையள் தண்ணி நல்லாயில்லை எண்டு சொல்லக்கூடாது எண்டு…”

யாழ்ப்பாணத்திலும் இங்கேயும் கிணற்றுக்கு நெல்லிக் கட்டை போடுவது பழைய வழக்கம். என் தகப்பனாரும் போட்டிருக்கிறார். அதனால் யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் நான் பாடசாலையில் படித்த ஏதோ ஒரு வரி மனதில் ஓடியது. வெட்டிய பச்சை மரம், இலை, பட்டை எல்லாம் அந்தத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கின்றன. என் குசினி நிலம் இரண்டு வாளி மருந்தைக் குடித்துவிட்டுச் சும்மா கிடந்ததே, அதுபோல நெல்லியும் மருந்தைக் குடித்திருந்தால்? சொல்லிப் பார்த்தேன். சொல்லும்போதே நான் சொல்வது பிழையாக இருக்குமோ என்றும் நினைத்தேன்.

“எடுத்துப் பாப்பம். பிழைச்சால் திருப்பிப் போடலாம்,” என்றார் கணவர்.

கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். கொப்புகள் கிணற்றின் உட்சுவரில் சிக்கிக்கொண்டன. நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கைகொடுத்தார். அப்பு கிணற்றுக் கட்டின் மேல் இருந்தபடியே “இடப்பக்கம், இடப்பக்கம்” என்று கட்டளை போட்டார். அவர் சொன்ன பக்கம் இழுத்தபோதெல்லாம் இன்னும் இறுகியது. கடைசியில் அக்கா அவரை இறக்கி விட்டுத் தானே கயிற்றைப் பிடித்தார். ஒரு பெரிய இழுவையில் கொப்புக் கட்டு மேலே வந்து, பிடித்திருந்த எல்லோரையும் நனைத்தது. நானாவின் புடவை மூட்டை தப்பியது. அவர் தப்பவில்லை. என் மகள் என் இடுப்பில் இருந்து கைகொட்டிச் சிரித்தாள். அவள் சிரிக்கச் சிரிக்க எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் காணியில் கேட்ட முதல் பெரிய சிரிப்பு அதுவாகத்தான் இருக்கும்.

பிறகு மாறி மாறி நாற்பது வாளி இறைத்து வாழைக்கு ஊற்றினார்கள். ஊறி ஏறிய தண்ணீருக்கு நான் மூன்றாம் முறை மருந்து கலக்கினேன். அரை மணி நேரத்தை என் கணவர் மாமரத்தின் நிழலைப் பார்த்துக் கணக்கிட்டார். நானா புடவை விற்கப் போகவில்லை. “முடிவு தெரியாமல் எப்பிடிப் போறது?” என்றார். இதற்குள் வேலிக்கு வெளியே இன்னும் மூன்று நாலு பெண்கள் கூடிவிட்டார்கள். கோப்பை கைக்குக் கை போனது.

“மணக்குது!” என்றார் நானா.

“ஓம், மணக்குது!” என்றார் அக்கா.

“மெல்லிசா மணக்குது, மெல்லிசா!” என்று வேலிக்கு அப்பால் ஒரு குரல். ஒரு நாற்றத்துக்காக இத்தனை பேர் மகிழ்ந்ததை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. எனக்கு மட்டும் மணக்கவே இல்லை. நான் மற்றவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் சந்தோஷப்பட்டேன்.

வெள்ளி காலையில் அக்கா வந்து மறுபடி மோந்து பார்த்து, இன்னும் கொஞ்சம் மணக்கிறது என்றார். மாவுக்கும் குழந்தைகளுக்கும் என்று நான் இரண்டு பெரிய பானைத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டேன். எல்லாரும் சம்மதித்த தண்ணீரையும் கொதிக்க வைத்தது எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் வைத்தேன்.

கொழுக்கட்டைக்குத் தேங்காய்ச் சொட்டைப் பல் போலச் சிறு துண்டுகளாக வெட்டிச் செருகினோம். பிள்ளையைப் பாயில் இருத்தி, தலைக்கு மேல் அந்த வெள்ளை வேட்டியை நாலு பேர் பிடிக்க, அக்கா சுளகிலிருந்து கொழுக்கட்டைகளைக் கொட்டினார். அவை உருண்டு ஓட, அயல் பிள்ளைகள் பாய்ந்து பொறுக்கினார்கள். என் மகள் தன்னைச் சுற்றி நடக்கும் அமளியைப் பார்த்து வாய் திறந்தபடி இருந்தாள். அந்த அமளியில்தான் அது நடந்தது. அப்பு தன் வலக்கையில் ஒரு பித்தளைச் செம்போடு பிள்ளைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். கிணற்றிலிருந்து அப்படியே அள்ளிய தண்ணீர் அது. அவள் இரண்டு கையாலும் செம்பைப் பிடித்துத் தன் வாய்க்கு இழுத்தாள். நான் எட்டுவதற்குள் ஒரு மிடறு குடித்துவிட்டாள். புதுப்பல் இரண்டும் செம்பின் விளிம்பில் பட்டு ‘டிங்’ என்று கேட்டது.

எல்லோரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கைதட்டினார்கள். நான் செம்பைப் பிடுங்கினேன். அவள் அழுதாள். என் கணவர் என்னைப் பார்த்தார்.

“குடுமன்,” என்றார் மெதுவாக. “அவளின்ர கிணறுதானே.”

விளிம்பை முந்தானையால் துடைத்தேன். செம்பைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் இன்னொரு மிடறு குடித்தாள். மறுபடி ‘டிங்’.

அடுத்த மூன்று நாளும் நான் அவள் துணிகளை ஒன்றொன்றாக விரித்துப் பார்த்தேன். நெற்றியைத் தொட்டுத் தொட்டு அவளுக்கே அலுத்துவிட்டது. ஒன்றும் இல்லை. வந்துபோன எந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் இல்லை. அடுத்த கிழமை இன்ஸ்பெக்டர் வந்தபோது நெல்லிக் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். இந்த மருந்து கிருமியை மட்டும் தேடிப் போகாது, இலை, கட்டை, சேறு, சாணி எதைக் கண்டாலும் அங்கேயே செலவாகிவிடும் என்றார். நான் சொன்னது சரிதான் என்று கணவர் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தார். புளிப் பானையைப் பற்றிச் சொன்னபோது மட்டும் இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. புளி, தேசிக்காய், வினாகிரி ஒன்றையும் இதோடு சேர்க்கக்கூடாது, அந்தப் புகை நெஞ்சைப் பிடிக்கும் என்று கண்டிப்பாகச் சொன்னார். அதை இப்போது இதை வாசிக்கிறவர்களுக்கும் சொல்லி வைக்கிறேன்.

வருகிற தையில் எனக்கு இரண்டாவது பிள்ளை. இந்த வருடமும் மழை பலமாக இருக்கும் என்கிறார்கள். வெள்ளம் ஏறினால் கிணற்றுக்கு மருந்து போடத்தான் வேண்டும். பிறந்த பிள்ளையைக் குளிக்க வார்க்கவும் அந்தக் கிணறுதான். அக்கா மூன்று நாள் பொறு என்கிறார். கணவர் ஒரு நாள் போதும் என்கிறார். எனக்கு ஒரு கிழமை என்றாலும் மனம் ஆறாது. மருந்து போட்ட கிணற்றுத் தண்ணீரில் பச்சைப் பிள்ளையை வார்த்து வளர்த்த தாய்மார் யாராவது இருந்தால், எத்தனை நாள் பொறுத்தீர்கள், கொதிக்க வைத்து ஆற்றித்தான் வார்த்தீர்களா, பிள்ளையின் தோலில் எதைப் பார்த்துச் சரி என்று தெரிந்துகொண்டீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். தை பிறப்பதற்கு முன் எழுதினால் பெரிய உதவி.